கழிவுநீர்ப் பாசனத்துக்கு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். நகரக் கழிவுநீரை வயலுக்கு விட அனுமதி கேட்டு வரும் கோப்பில் நீர்ப் பரிசோதனை அறிக்கை மட்டும் இருந்தால், தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

நச்சு உலோகமான காட்மியத்தை எடுத்துக்கொள்வோம். பாசன நீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பரிந்துரை. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி லிட்டர் பாய்ச்சினால், அந்த வரம்பைத் தாண்டாத நீரே 100 கிராம் காட்மியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழத்துக்குள்ள மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ என்பதால், மண்ணில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் கூடும். சிறிய எண்தான், ஆனால் காட்மியம் மட்காது, ஆவியாகாது, அறுவடையோடு வெளியேறுவதும் சொற்பமே என்பதால், 20 ஆண்டுகளில் அது 1 மில்லிகிராமை நெருங்கிவிடும். கழிவுநீர்க் கசடு இடப்படும் நிலங்களுக்கு ஐரோப்பாவில் 1986-இல் வகுக்கப்பட்ட வரம்பே 1 முதல் 3 மில்லிகிராம்தான். அந்த 20 ஆண்டும் நீர் அறிக்கை 'வரம்புக்குள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

பயிரைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. துத்தநாகமோ நிக்கலோ மிகுந்தால் பயிர் வெளுத்து, குன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம் உண்பவருக்குத் தீங்கான அளவை எட்டிய பிறகும், கழிவுநீரின் தழைச்சத்தால் கீரை கரும்பச்சையாகச் செழித்தே நிற்கும். இலைமேல் மண்ணோடு ஒட்டிய ஈயத்தில் ஒரு பகுதி அலசினால் போகும். வேர்வழி ஏறி இலைக்குள் தங்கிய காட்மியம் எத்தனை முறை அலசினாலும் போகாது. உண்டவரின் சிறுநீரகத்திலோ அது பத்தாண்டுகளுக்கு மேல் தங்குகிறது.

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் அடங்கிய சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த நெல்லை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் 'இட்டாய்-இட்டாய்' நோய் வந்தது. அது மாசினால் வந்த நோய் என்று அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. வயல்மண்ணைச் சீராக்கும் பணி 2012-இல்தான் முடிந்தது.

விவசாயிகளைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. வேறு தண்ணீர் இல்லாதபோது வாய்க்காலில் வருவதைத்தான் அவர்கள் பாய்ச்சுவார்கள். முலாம் பூசும் பட்டறையும் பேட்டரி ஆலையும் வெளியேற்றும் நீரை அவற்றின் வாசலிலேயே தனியே பிரித்துச் சுத்திகரிக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. வீட்டுக் கழிவோடு கலந்துவிட்டால், பெரும்பாலும் உயிர்மக் கழிவை நீக்கவே அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் உலோகத்தை அழிக்காது. அதில் பெரும்பகுதியைக் கசடுக்கு மாற்றும், அவ்வளவே. அந்தக் கசடையே எருவாக வயலுக்கு அனுப்பினால் சுற்று முழுமையாகிவிடும்.

ஆண்டுதோறும் மண்ணையும் விளைச்சலையும் சேர்த்துச் சோதியுங்கள். மாதிரியைக் கடைமடையில் மட்டும் எடுக்காமல், உலோகம் ஒட்டிய வண்டல் முதலில் படியும் தலைமடையிலும் எடுக்கச் சொல்லுங்கள். மண்ணின் அமிலத்தன்மையையும் பதிவு செய்யுங்கள். அது கூடினால் காட்மியம் வேருக்கு எளிதில் கிடைத்துவிடும். புதிதாகக் கழிவுநீர் விடவிருக்கும் நிலத்தில் முதல் தண்ணீர் பாயுமுன்னே மண் மாதிரி எடுத்துவிடுங்கள். பிறகு எத்தனை முறை சோதித்தாலும், அந்த முதல் அளவு இல்லாமல் எவ்வளவு கூடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மண் பரிசோதனைப் பணியில் இருக்கும் ஒருவர்