குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள நம் நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாகத் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் பூங்காவைக் கடைசிப் பத்தியில் வைப்பது நம் பழக்கம். இந்த ஆண்டு செயற்குழு கூடிய பதினொரு முறையில் ஒன்பது முறை, மூன்றாம் குறுக்குத் தெருவில் உள்ள பூங்கா இடம் பற்றிய பேச்சே நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே போகிறது. உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

கடந்த ஜூன் மாதம் ஒரு காலைப்பொழுதில் மண்டல அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, பூங்கா இடத்தின் வடபாதியில் சுண்ணாம்பால் கோடு போட்டுச் சென்றதை நடைப்பயிற்சிக்குப் போன நம் மூத்த உறுப்பினர்கள் பார்த்துச் சொன்னார்கள். என்னவென்று விசாரிக்கப் போனபோதுதான், அங்கே செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, விளக்குக் கம்பம் நட்டு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் கால்பந்துத் திடலாகத் தனியார் ஒருவருக்கு ஒப்பந்தம் விடும் முன்மொழிவு மண்டலக் குழுவின் பரிசீலனையில் இருப்பது தெரியவந்தது. ‘டர்ஃப்’ என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். ஆடுகளம் மட்டும் பதினைந்து சென்ட். சுற்று இடமும் வண்டி நிறுத்துமிடமும் சேர்ந்தால் இருபத்தைந்து சென்ட் ஆகும். இடம் மாநகராட்சிக்குச் சொந்தமானது, பராமரிக்கப் பணமில்லை, வருமானம் வரும் வழி இது என்பதே அலுவலர்கள் தந்த விளக்கம். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். நம்மிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

எதிர்ப்பதென்றால் கையில் ஆவணம் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ‘ரிசர்வ் சைட்’, அதாவது பொதுப் பயனுக்கென ஒதுக்கிய இடம், என்று வாயால் சொல்லிவந்தோமே தவிர, அது ரிசர்வ் சைட் என்பதற்கான தாள் ஒன்றுகூடச் சங்கப் பெட்டியில் இல்லை. மனைப்பிரிவு அங்கீகாரம் பெறும்போது, சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் பொதுத் திறந்தவெளிக்கும் விட வேண்டும் என்பது இன்றைக்கும் நடைமுறையில் உள்ள விதி. இப்போதைய 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுகளில் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழியுண்டு. அதற்கு மேற்பட்டால் இடமாகவே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் மனைப்பிரிவு அந்தப் பெரிய வகையைச் சேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை ஒரு மூத்த உறுப்பினர் தம் வீட்டுக் கடன் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் பச்சை மையால் ‘பூங்கா, 84 சென்ட்’ என்று எழுதியிருக்கிறது.

தானப் பத்திரத்தைத் தேடியதுதான் பெரும்பாடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தோம். முப்பது நாள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக, ‘கோரிய கோப்பு அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. முதல் மேல்முறையீடு செய்தோம். அதற்கிடையில் நம் துணைச் செயலாளர், அவர் பழைய பத்திர எழுத்தர் என்பதால் வழி தெரிந்தவர், வில்லங்கச் சான்றுக்கு மனுப்போட்டுப் பார்த்ததில், 1989-இல் மனைப்பிரிவின் உரிமையாளர் அன்றைய உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாகப் பதிந்து கொடுத்த பத்திரத்தின் எண் அதிலேயே கிடைத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்றோம். ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் இன்னமும் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது; பத்திரம் பதிந்ததோடு சரி, பட்டா மாறுதலுக்கு அன்று யாரும் மனுக் கொடுக்கவில்லை. மாநிலம் முழுவதும் இப்படிப் பெயர் மாறாமல் கிடந்த பூங்கா இடங்களை வாரிசுகள் விற்றுவிட்டு, வாங்கியவர் வேலி போட்ட பிறகு வழக்காடிக்கொண்டிருக்கும் நகர்கள் பல உண்டு. நமக்கு அந்த நிலை வரவில்லை என்றால் அது நம் சாமர்த்தியத்தால் அன்று. மாநகராட்சியின் பெயருக்கே பட்டா மாற்றித் தரும்படி நாமே முன்னின்று மனுக் கொடுத்திருக்கிறோம். யாரை எதிர்த்து மனுக் கொடுக்கிறோமோ அவர்கள் பெயருக்கே பட்டா கேட்கிறீர்களா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஆம், அதுதான் சரி. இடம் பொதுவுடைமையாகப் பதிவேட்டில் ஏறினால்தான் பூங்காச் சட்டத்தைக் காட்டிப் பேச முடியும்.

அடுத்து அளவை. உரிய கட்டணம் செலுத்தி, ஆகஸ்டு மாதம் உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரைக் கொண்டு அளந்தோம். மூன்று மூலைக் கற்கள் எளிதில் கிடைத்தன. தென்கிழக்கு மூலைக் கல்லை மட்டும் காணவில்லை. வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து, புள்ளி விழும் இடத்தைப் பார்த்தால் அது நம் சங்க அலுவலகத்தின் வாசலில் வந்து நின்றது. அளவையர் படிக்கட்டின் முதல் படியைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார். அடிப்பக்கத்தில் அம்புக்குறி இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாம் மிதித்து ஏறிய படிக்கல்தான் பூங்காவின் எல்லைக் கல். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

அளந்து முடித்ததில் 84 சென்ட்டில் 76 சென்ட் மட்டுமே திறந்தவெளியாக உள்ளது. குறைந்த எட்டில், கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவர் ஒன்று உள்ளே வந்து மூன்று சென்ட் எடுத்திருக்கிறது. பிள்ளையார் கோயில் ஒன்றரை சென்ட். மின்மாற்றியும் மோட்டார் அறையும் ஒன்றரை. நம் சங்க அலுவலகமும் அதன் தகரக் கொட்டகையும் இரண்டு. சுற்றுச்சுவர் ஒன்றை விட்டுவிட்டால் எதுவுமே கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. தண்ணீர் வேண்டுமென்று மோட்டார் அறை வந்தது, சாமி வேண்டுமென்று கோயில் வந்தது, கூட்டம் போட நிழல் வேண்டுமென்று நாம் வந்தோம். இதற்கிடையில் குப்பையை உரமாக்கும் நுண் உர மையம் ஒன்றும், அங்கன்வாடி ஒன்றும் இங்கே அமைக்கலாம் என்று வெவ்வேறு ஆண்டுகளில் பேச்சு வந்து, ஏதோ காரணத்தால் நின்றுபோனதைப் பழைய நடவடிக்கைக் குறிப்பேட்டில் பார்த்தேன். இரண்டுக்கும் சங்கம் அன்று ஆதரவுத் தீர்மானம் போட்டிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சட்ட நிலை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1959 முதல் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களுக்குப் பட்டியல் தயாரித்து அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும், பட்டியலில் ஏறிய இடத்தை உரிய முன் அனுமதியின்றி வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்றும் அது சொல்கிறது. இதைவிட நமக்குத் தெம்பு தந்தது பெங்களூரு வழக்கு. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே குடியிருப்பவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு வேண்டியதுதானே, அதை எதிர்க்க இவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளும் அங்கே எழுந்தன. தனியார் மருத்துவமனை பூங்காவுக்கு ஈடாகாது, பூங்கா பறிபோனால் கேட்கும் உரிமை அங்கே வசிப்பவருக்கு உண்டு என்று சொல்லி, ஒதுக்கீட்டை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதிசெய்தது. நம் மனுவில் இதை இணைத்துள்ளோம்.

நாம் மனு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அக்டோபர் இறுதியில், பெருநகர சென்னை மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களின் பராமரிப்பைத் தனியாருக்கு விடவும், விளையாட வருவோரிடம் மணிக்குத் தலைக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் நிறைவேற்றி, எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தி வந்த மறுவாரம் மண்டல அலுவலகத்தில் நம் பேச்சுக்குக் காது கூடுதலாகத் திறந்ததை மறுப்பதற்கில்லை.

இனி, நமக்குள் இருந்த கருத்து வேறுபாடு. நவம்பர் சிறப்புக் கூட்டத்தில் இளைஞர்கள் பதினேழு பேர் வந்திருந்தார்கள். சங்கக் கூட்டத்துக்கு இத்தனை இளைஞர்கள் வந்தது என் நினைவில் இதுவே முதல் முறை. டர்ஃப் வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்கள். “நாங்க பந்து விளையாடினா வாக்கிங் போறவங்க திட்டுறாங்க, கிரிக்கெட் ஆடினா கண்ணாடி உடையுதுன்னு பந்தைப் புடுங்கி வெச்சுக்குறாங்க, காசு கொடுத்தாவது நிம்மதியா ஆடலாம்னு பார்த்தா அதையும் வேண்டாங்கிறீங்க” என்று ஒரு தம்பி சொன்னதற்குப் பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. எட்டு வடிவ நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், சிமென்ட் இருக்கை என்று இதுவரை நாம் கேட்டுப் பெற்றவை அனைத்தும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கானவை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மாலை முழுவதும் விவாதித்த பிறகு, வடபாதியை மண் திடலாகவே சமன்செய்து, கட்டணமின்றி, மாலை 4 முதல் 7 வரை விளையாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்குவது, நடைப்பயிற்சி தென்பாதியோடு நிற்பது, பந்து பறிமுதல் செய்யும் வழக்கத்தை இன்றோடு விடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். செயற்கைப் புல் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும், சில ஆண்டுகளில் தேய்ந்து குப்பையாகும் என்ற வாதத்தைவிட, வீட்டில் காசு கேட்க முடியாத பிள்ளை வேலிக்கு வெளியே நிற்பான் என்று அந்த இளைஞர்களில் ஒருவரே சொன்னதுதான் எண்ணத்தை மாற்றியது.

2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த ஏரியா சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் சபையில், இந்தத் தீர்மானத்தை முன்வைத்தோம். நம் வார்டு மாமன்ற உறுப்பினர் தலைமையில் அது ஏற்கப்பட்டு மண்டலக் குழுவுக்குச் சென்றது. பிப்ரவரியில் ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்மொழிவு நிறுத்தி வைக்கப்பட்டதாக வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை. நிறுத்தி வைப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல என்பதால், எழுத்துப்பூர்வமான பதில் கேட்டு நினைவூட்டுக் கடிதம் மூன்று அனுப்பியுள்ளேன். திடலைச் சமன்செய்யும் பணியை, மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எடுக்கலாம் என்று பொறியாளர் ஆலோசனை கூறியிருக்கிறார். அதற்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் தர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அழகுக்காக வேலியோரம் நட்ட கோனோகார்பஸ் மரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நீரை உறிஞ்சுவதும் மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை தருவதும் காரணமாக, தமிழக அரசு 2025 தொடக்கத்தில் இம்மரத்துக்குத் தடை விதித்தது. அவற்றை அகற்றிவிட்டுப் புங்கனும் மகிழமும் நட அனுமதி கேட்டுள்ளோம். நிழல் போய்விடும் என்று சிலருக்கு வருத்தம். அந்த வருத்தம் நியாயமானதே. புங்கன் நிழல் தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

மற்றவை: நான்காம் குறுக்குத் தெருச் சாக்கடை அடைப்பு இருமுறை நீக்கப்பட்டது. ஒன்பது தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. குடிநீர் நாள் மாறி வருவது குறித்த புகார் அப்படியே உள்ளது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நில அளவைக்கும் ஆவண நகல்களுக்கும் ஆன செலவை ‘சட்டச் செலவு’ என்ற புதிய தலைப்பில் காட்டியிருக்கிறோம்.

இன்றைய கூட்டத்தின் ஒப்புதலுக்கு மூன்று பொருள்கள் உள்ளன. ‘நமக்கு நாமே’ பங்குத்தொகைக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று நன்கொடை நிர்ணயிப்பது முதலாவது. கிழக்குச் சுற்றுச்சுவர் உரிமையாளரை அழைத்துப் பேச ஐவர் குழு அமைப்பது இரண்டாவது. சங்க அலுவலகத்தையும் கொட்டகையையும் பூங்கா இடத்திலிருந்து ஆவணி மாதத்துக்குள் அகற்றிக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றாவது இல்லாமல் இரண்டாவதைப் பேச நமக்கு வாய் இருக்காது என்பதால், அதை முதலில் வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகம் அமையும் வரை கூட்டங்களைத் தம் வீட்டு மாடியில் நடத்திக்கொள்ள ஓர் உறுப்பினர் இசைந்துள்ளார். பீரோவும் இரண்டு பெஞ்சுகளும் அங்கே போகும். எல்லைக் கல்லை அளவையர் முன்னிலையில் அதே மூலையில் மீண்டும் நட்டு, மேலே மஞ்சள் வண்ணம் பூசியாகிவிட்டது. வாசலில் இப்போது படி இல்லை. வரும்போதும் போகும்போதும் பார்த்துக் கால் வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்