கொரியாவின் சுவோனில் இருக்கும் மகளுக்கு: சொனாட்டா வாங்கும் முன்

அன்புள்ள மீனா,

நீ வாங்க நினைக்கும் ஹூண்டாய் சொனாட்டா மாடலின் (நிஜ காரைச் சிறிதாக்கிச் செய்த உலோகப் பொம்மைக் காரின்) மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. மூன்றாவது படத்தில் டிக்கி மூடியின் இடது ஓரத்தைக் கவனி. சின்னதாக நான்கு சீன எழுத்துகள் இருக்கின்றன. 'பெய்ஜிங் ஹூண்டாய்' என்று எழுதியிருக்கிறது. கொரியாவில் ஓடும் வண்டியில் அந்த எழுத்து இருக்காது. விற்பவர் 'கொரிய சொனாட்டா' என்று சொல்வது சரியில்லை. அது சீனாவில் விற்ற வண்டியின் மாடல்.

அதற்காக அது மட்டம் என்று நினைத்துவிடாதே. பெய்ஜிங் ஹூண்டாய் 2002-இல் தொடங்கியது. அங்கே ஷோரூம்களுக்காகச் செய்த 1/18 மாடல்கள்தான் (நிஜ காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு) கொரிய செடான்களில் நான்கு கதவும், பானெட்டும், டிக்கியும் திறக்கிற நல்ல வேலைப்பாடு உள்ளவை. கொரியாவிலேயே எளிதாகக் கிடைப்பது பினோ பி அண்ட் டி நிறுவனம் செய்யும் 1/38 வண்டிகள். பின்னால் இழுத்து விட்டால் ஓடும். குழந்தைகளுக்கான பொருள்தான், ஆனாலும் உடலின் வளைவு நன்றாக வந்திருக்கும்.

சீன மாடலை எப்போது வாங்கலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது வண்டியைப் பொறுத்தது. நீ பார்த்திருப்பது ஒய்எஃப் சொனாட்டா (ஒய்எஃப், எச்டி, டிஎன்8 எல்லாம் ஹூண்டாய் ஒவ்வொரு தலைமுறை வண்டிக்கும் வைத்த குறியீடு). கொரியாவில் 2009-இல் வந்தது, சீனாவுக்கு 2011-இல் போனது. உருவம் ஏறக்குறைய ஒன்றுதான், தாராளமாக வாங்கு. ஆனால் ஹூண்டாயின் இன்னொரு காரான அவான்டே எச்டி தேடும்போது யாராவது 'யுவேடோங்' மாடலைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சீனாவுக்காக 2008-இல் முகத்தையும் பின்புறத்தையும் அடியோடு மாற்றிய வண்டி அது. உன் தெருவில் நிற்கும் அவான்டேயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கார் போலத் தெரியும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்தால் வித்தியாசம் பிடிபடாது, நிஜ வண்டியில் இரண்டுக்குமே 2650 மில்லிமீட்டர்தான். மொத்த நீளத்தில்தான் பிடிபடும்: அவான்டே 4505, யுவேடோங் 4542. 1/18-இல் அது வெறும் 2 மில்லிமீட்டர், அதனால் முகத்தைப் பார்த்தே முடிவு செய்.

நீளத்தைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொள். பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாதே. 2019-இல் வந்த டிஎன்8 சொனாட்டாவின் நீளம் 4900. 1/18 என்றால் 272 மில்லிமீட்டர் வர வேண்டும், 1/24-க்கு 204, 1/38-க்கு 129, 1/64-க்கு 77. நாலைந்து மில்லிமீட்டர் பிசகினால், பெட்டிக்குள் அடங்கும்படி அளவைச் சுருக்கிய மாடல் என்று அர்த்தம். தனியாக வைத்தால் தெரியாது, வரிசையில் வைத்தால் கண்ணை உறுத்தும். ஒரே அளவில் சேர்ப்பதுதான் நல்லது. உன் அறை சின்னது, ஆகவே 1/38-இல் சொனாட்டா வரிசையைப் பிடி. 1/18-இல் மனதுக்குப் பிடித்த ஒன்றிரண்டு போதும்.

தேடும்போது பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1985-இல் முதல் சொனாட்டா வந்தபோது கொரிய எழுத்தில் ஒற்றை 'ஸ' போட்டு எழுதினார்கள். அப்படி எழுதினால் 'மாடு ஏறும் வண்டி' என்றும் படிக்கலாம் என்று ஊரே கேலி செய்ததால், இரட்டை 'ஸ'வுக்கு மாற்றினார்கள். பழைய பொருள் விற்கும் செயலிகளில் விற்பவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், நீயும் இரண்டையும் போட்டுத் தேடு. வேறு கார்களுக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ஹூண்டாய் கிராண்டியர் வெளிநாட்டில் அசேரா, அவான்டே எலான்ட்ரா, கியா கே5 முன்பு ஆப்டிமா. பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை வைத்தே எந்த ஊர்ச் சந்தைக்கான வண்டி என்று பாதி ஊகித்துவிடலாம். கே5-இல் கியா சின்னத்தையும் பார். நீள்வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் பழையது, 2021-க்குப் பிறகு வட்டம் போய்விட்டது.

சுவோனில் மெட்ரோவின் முதலாம் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமலே சியோலின் தொங்டேமுன் போகலாம். நான்காம் வாசலில் இறங்கினால் சாங்சின்தோங் பொம்மைக் கடைத்தெரு. அடுத்த நிலையம் தொங்மியோ, அங்கே பழைய பொருள் சந்தை. நேரில் வாங்குவதாக இருந்தால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து பானெட்டைப் பார். வியர்க்குரு மாதிரி புள்ளிகள் தெரிந்தால், வருடக்கணக்காக பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டிருக்கிறது. கதவு ஓரத்திலோ கண்ணாடித் தூணிலோ மயிர்க்கோடு போல விரிசல் இருந்தால் தொடவே தொடாதே. உடல் வார்க்கும் துத்தநாகக் கலவையில் ஈயம் துளி கூடினாலும் உலோகம் உள்ளுக்குள் அரித்து உப்பும், பானெட் மூடாது, பிறகு உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது. வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும்.

அதனால்தான் சொல்கிறேன், பெட்டிகளைத் தரையில் அடுக்காதே. குளிர்காலத்தில் தரைக்கடியில் சூடேற்றுவதால் உங்கள் வீட்டுத் தரை சூடாகவே இருக்கும். அடியில் இருக்கும் பெட்டிதான் முதலில் கெடும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம் வேறு. கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பையும் ஒரு ஈரமானியும் வை. 40 முதல் 50 சதவீதம் சரியான ஈரம்.

1/18 வந்ததும் முதலில் பீடத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, சின்னப் பையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வை. கதவு இடுக்குகளில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் செருகியிருந்தால் உருவி எடுத்துவிடு, விட்டுவைத்தால் பெயின்டில் தடம் விழும். வண்டியைக் கதவுக்குக் கீழேயுள்ள ஓரத்தில் பிடித்துத் தூக்கு, சைடு மிரரைப் பிடிக்காதே. கதவைத் திறக்க நகம் வேண்டாம், பல்குத்தும் குச்சி போதும். தூசிக்கு மேக்கப் பிரஷ். கறை இருந்தால் காய்ச்சி வடித்த நீர் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. சானிடைசர், ஸ்பிரிட் பக்கமே போகாதே, அச்சிட்ட சின்னமும் எழுத்தும் கரைந்து வந்துவிடும்.

மிரர் உடைந்தால் ஃபெவிக்விக் மாதிரியான பசை போடாதே. அதன் ஆவி பட்டாலே பக்கத்துக் கண்ணாடி வெளுத்துப் போகும். மிரருக்கு எபாக்ஸி, விளக்குக் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை.

டயரையும் மறக்காதே. மென்மையான டயரிலிருந்து கசியும் எண்ணெய் பிளாஸ்டிக் பீடத்தை உருக்கி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு டயரின் அடியிலும் ஒரு சதுர பாலியஸ்டர் தாள் வை, சமையலறை அலுமினியத் தாளும் பரவாயில்லை.

நம்பர் பிளேட் மாற்ற ஆசைப்பட்டால், இப்போதைய நீளப் பிளேட் 520-க்கு 110, 1/18-இல் 28.9-க்கு 6.1 மில்லிமீட்டர் வரும். தொடக்கத்தில் மூன்று எண் வருவது 2019 செப்டம்பரில் வந்த முறை. 2009 சொனாட்டாவுக்கு இரண்டு எண்ணே போடு. அச்சடித்து இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டு, பிறகு எடுக்கவும் வரும்.

அந்த ஒய்எஃப்-ஐ வாங்கினால் டிக்கியிலுள்ள சீன எழுத்தைச் சுரண்ட வேண்டாம், அது அந்த வண்டியின் அடையாளம். விற்பவரிடம் அடிப்பாகப் படமும், பானெட் மூடிய படமும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு இன்று இரவே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா