சமூகவியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய பெண் இணையோடு போக அனுமதித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சொல்லிவிட்டது. குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

திருநங்கையர் பற்றிய ஆய்வேடுகள் நம்மிடம் உண்டு. சேர்ந்து குடித்தனம் நடத்தும் இரு பெண்கள், இரு ஆண்கள் பற்றித் தேடினால் அகப்படுவது சொற்பம்.

இதனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்கக் கதையைப் பாருங்கள். தன்பாலீர்ப்புப் பெற்றோரின், அதாவது தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்புள்ளவர்களின், பிள்ளைகள் பலவற்றில் பின்தங்குகிறார்கள் என்று 2012இல் மார்க் ரெக்னரஸ் என்ற சமூகவியலர் எழுதினார். திருமண உரிமையை எதிர்த்தவர்கள் அதை நீதிமன்றப் படிகளில் ஏற்றினார்கள். உள்ளே பார்த்தால் விஷயம் வேறு. தாயோ தந்தையோ எப்போதாவது தன்பாலின உறவில் இருந்திருந்தாலே போதும், பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். அப்படிச் சேர்ந்த 248 பேரில், பிறந்தது முதல் 18 வயதுவரை இரு பெண்களின் வீட்டிலேயே வளர்ந்தவர்கள் இரண்டே பேர்! பலர் பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள். பிரிவின் பாதிப்பைப் பாலீர்ப்பின் தலையில் கட்டிய கணக்கு அது.

அதைக் கிழித்துக் காட்டியவர்களும் சமூகவியலர்கள்தாம். அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 2013இல் உச்ச நீதிமன்றத்திலேயே மறுப்பு தாக்கல் செய்தது. அடுத்த ஆண்டு மிச்சிகன் நீதிபதி ஒருவர், ரெக்னரஸின் சாட்சியம் துளியும் நம்பத்தக்கதல்ல என்று தள்ளினார். மறுக்கக் கையில் தரவு இருந்தது. பெற்றோரின் வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால் இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே வகுப்பு தேறுகிறார்கள் என்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மைக்கேல் ரோசன்ஃபெல்ட் என்ற சமூகவியலர் 2010இலேயே காட்டியிருந்தார்.

நாளை இங்கே ஒருவர் அரைகுறைக் கணக்கோடு வந்தால் மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

கேட்கக் கேள்விகளா இல்லை? வீட்டுக்காரரிடம் 'அக்கா தங்கச்சி' என்று சொல்லி எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள்? அறுவை சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்திடும் இணை, உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார்? ரேஷன் அட்டையில் இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி 2024இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியதே, அது தாலுகா அலுவலகம்வரை வந்து சேர்ந்ததா?

ஆய்வைச் சென்னையோடு நிறுத்திவிடாதீர்கள். பேட்டி தருபவர்களின் பெயர் வெளியே கசிந்தால் வேலையும் வீடும் போகும், அதில் மட்டும் கறாராக இருங்கள். அப்புறம், கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) அமைப்புகளோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
சமூகவியல் படித்த ஒருவர்