துருவேறிய ஸ்க்ரூவை முறுக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரை, இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்கு ஒரே வரியில் வழி சொல்லிவிட்டது: ஸ்பிரே அடித்துச் சற்று நேரம் விட்டு, பலமாகத் திருப்பவும். அதை நம்பிப் போனால் ஸ்க்ரூவின் தலைதான் கையோடு வரும். பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

இரும்பு துருவாகும்போது பருக்கும். மரைகளுக்கு நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் துரு அடைத்து, ஆப்பு அடித்ததுபோல் கவ்விக்கொள்ளும். வெறும் முறுக்குக்கு அந்தப் பிடி விடாது, தண்டுதான் ஒடியும். பிடியை உடைப்பது அடி, இல்லையென்றால் சூடு. எண்ணெய் இரண்டுக்கும் துணை, அவ்வளவுதான்.

டபிள்யூடி-40 ஸ்பிரேயைக் கட்டுரை பெரிதாகப் புகழ்கிறது. 1953-ல் அது உருவானதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுக்கும் அதுதான் பொருள். உள்ளே ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் இதைவிட நல்லது. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுவோர் உண்டு. அதுவும் இறங்கும். ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட் கரையும், தீயும் சட்டென்று பிடிக்கும். எதை விட்டாலும் முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுங்கள். முடிந்தால் மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். காலை, மாலை என இரண்டு நாள்.

மிகவும் படுத்துவது கதவுக் கீல் ஸ்க்ரூதான். பழைய அமெரிக்க பிக்கப்களில் இது தட்டைத் தலை உள்ள பெரிய ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது தலையில் கூட்டல் குறி போன்ற காடி உள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூ. கையில் கிடைக்கும் 2-ம் எண் பிட்டைப் போட்டால் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, காடியைத் தின்றுவிடும். பெரும்பாலும் 3-ம் எண்ணோ அதைவிடப் பெரியதோ வேண்டும். காடிக்குள் இறுகிக் கிடக்கும் பழைய பெயின்ட்டைக் கூரான ஊசியால் கடைசித் துணுக்குவரை கிளறி எடுங்கள்; பிட் வழுக்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். கதவின் பாரம் ஸ்க்ரூவில் தொங்காதபடி அடியில் ஜாக்கி கொடுங்கள். பிட்டை நேராக வைத்து ஒரு தட்டு தட்டினால் அடிவரை உட்காரும். அதன்பின் சுத்தியலால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவர். ஒவ்வொரு அடியும் பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே கொஞ்சம் திருப்பும். முதல் அடியை இறுக்கும் திசையில் கொடுத்தால் துரு நொறுங்க உதவும். கீலுக்குப் பின்னால் கதவுத் தூணுக்குள் பல வண்டிகளில் தளர்வான மரைத் தகடு இருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது உள்ளே விழுந்துவிடலாம்.

ஜப்பான் பிக்கப்பில் கதை வேறு. அந்த ஸ்டார் தலையின் வடிவமே சற்று மாறும். பல ஸ்க்ரூக்களில் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதற்கு ஜப்பான் தரநிலையான ஜேஐஎஸ் பிட்தான்.

அங்குல போல்ட்டில் மி.மீ. ஸ்பேனர் போடுவது இன்னொரு தப்பு. அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் உட்காரும், ஆனால் மூலைகளை உருட்டிவிடும்.

சூடு காட்டுவதென்றால் நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. 10 மி.மீ. துளை 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.036 மி.மீ. விரியும். கேட்கக் கொஞ்சமாக இருந்தாலும் துரு விரிசல்விட அது போதும். சூடு தணியும்போது மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். எண்ணெயும் அசிட்டோனும் விட்ட இடத்தில் தீ வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வேண்டவே வேண்டாம். சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். பழைய பிக்கப் பலவற்றில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

தலை ஒடிந்துவிட்டால், ஒடிந்த தண்டில் துளையிட்டு உள்ளே கவ்வித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரைக் கட்டுரை உடனே நீட்டுகிறது. அது மிகக் கடினமான, ஆனால் நொறுங்கும் எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. முதலில் இடதுபுறம் சுழலும் டிரில் பிட். நடுவில் பஞ்ச் வைத்துத் துளையிடும்போதே பல நேரம் ஸ்க்ரூ தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். வராவிட்டால் 6 மி.மீ. ஸ்க்ரூவில் 3, 4, 5 மி.மீ. எனப் படிப்படியாகப் போங்கள். துளை நடுவில் விழுந்திருந்தால் மிஞ்சுவது சுருள்போன்ற மரை மட்டும். ஊசியால் உரித்தெடுத்துவிட்டு மரை வெட்டும் டேப் விடலாம். தண்டு வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் நட்டை வைத்து வெல்டிங் செய்வது எல்லாவற்றிலும் மேல். திருப்பப் பிடியும் கிடைக்கும், சூடும் கிடைக்கும்.

பின்தட்டின் மரப்பலகை போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள். மரம் மக்கியதும் போல்ட் தலைக்கு அடியில் உள்ள சதுரக் கழுத்துக்குப் பிடிப்பில்லாமல் போல்ட் சும்மா சுற்றும். அடியில் நட்டைக் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

சக்கர நட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய டாட்ஜ் வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. நட்டு ஏறும் தண்டான ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை மாட்டுங்கள். வழக்கமான திசையில் முக்கி முக்கித் திருப்புவது அதை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

இப்படிக்கு,
பழைய வண்டிப் பட்டறைக்காரர் ஒருவர்