ஏழாம் பாடம் இன்னும் பாதியில் நிற்கிறது: நம் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு,

மக்கள் ஓட்டுப் போட்ட நிதிப் போட்டியின் முடிவு வந்து 18 நாள் ஆகிறது. அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்தது ஓர் அழுகை முகம். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. காலை வணக்கப் படம் போடாமல் இருக்கவே முடியாதவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கு வந்தது நானும் இன்னொருவரும். அதற்கடுத்த சனிக்கிழமை நான் மட்டும். கதவைத் திறந்து, மைக்கை மூடியிருந்த துணியை எடுத்து, மறுபடி மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைக் குழுவுக்குள்ளேயே எழுதியிருக்கலாம். ஆனால் நமக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் நம் குழுவில் இல்லாதவர்கள். ஆறு வாரம் அவர்களைத் துரத்தித் துரத்தி ஓட்டுக் கேட்டோம். தோற்றதும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் காணாமல் போய்விட்டோம். “என்னம்மா ஆச்சு?” என்று வழியில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நம்மோடு போட்டியிட்டுத் தோற்ற மற்றக் குழுக்கள் படித்தால் படிக்கட்டும், அவர்கள் வீட்டிலும் இதே மௌனம்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை 11 பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பூ படத்தோடு.

நம்மைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறோம். தேர்வு சமயத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஸ்கிரைப் ஆக ஆள் அனுப்புகிறோம். சம்பளம் கிடையாது, யாரும் கேட்டதும் இல்லை. சத்தம் புகாத ஒரு சிறிய அறையும் இரண்டு நல்ல மைக்கும் வேண்டும் என்று ஒரு நிதிப் போட்டிக்கு விண்ணப்பித்தோம். இறுதிச் சுற்று பொதுமக்கள் வாக்கு. முதல் மூன்று குழுக்களுக்குப் பணம். நாம் நான்காவது.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அது கொஞ்சம் கசப்பானது. முதல் குற்றவாளி நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் பதிவேட்டை நேற்று புரட்டினேன். வாக்கெடுப்பு நடந்த ஆறு வாரத்தில் எத்தனை ஒலிப்பதிவு நடந்தது என்று எண்ணினேன். மூன்று. வழக்கமாக வாரத்துக்கு மூன்று நடக்கும். மீதி நேரமெல்லாம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். காலை எழுந்ததும் எண்ணிக்கை பார்ப்பது, நமக்கும் மூன்றாம் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவது, பள்ளிக்கூட நண்பர்கள், பழைய அலுவலக நண்பர்கள், மாமனார் வீட்டுச் சொந்தங்கள் என்று ஒருவர் விடாமல் லிங்க் அனுப்புவது. நள்ளிரவில் ஓட்டு ஏறினால் குழுவே விழித்துக்கொண்டு கைதட்டியது. எத்தனை வருடமாக ஒலிப்பதிவு முடித்திருக்கிறோம், எந்தப் பாடம் முடிந்ததற்கும் அப்படிக் கைதட்டியதில்லை.

நான்காவது வாரம் நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வேதியியல் படிக்கும் நம் மாணவர் ஒருவர் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். “அக்கா, ஏழாம் பாடம் ரெடி ஆயிடுச்சா?” என்று கேட்டிருந்தார். நான் பதிலுக்கு ஓட்டுப் போடும் லிங்க்கை அனுப்பினேன். “இன்னும் ரெண்டு வாரம்தான் தம்பி, முதல்ல இதுக்கு ஓட்டுப் போட்டுடுங்க” என்று. அவரும் போட்டார். தன் விடுதியில் பத்துப் பேரைப் போடவும் வைத்தார். ஏழாம் பாடத்தைப் பற்றி அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

போட்டியில் தோற்றதைவிட இது என்னை அதிகம் உறுத்துகிறது.

நாம் சோர்ந்து போனதற்குப் பணம் கிடைக்காதது காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் இல்லாமல்தான் இத்தனை வருடமும் வேலை செய்தோம். போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்தவர்கள் நீங்கள். அப்போது இல்லாத சோர்வு இப்போது எங்கிருந்து வந்தது? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோருமே தானாக ஆசையாகப் படம் வரைகிற குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் மட்டும், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் ஒன்று தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மறுபடி வைத்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை.

அந்தக் குழந்தைகளுக்காவது சான்றிதழ் கிடைத்தது. ஆறு வாரம் நாம் செய்த எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பரிசை நிறுத்தி வைத்திருந்தோம். பரிசு போனதும் வேலையும் வெறும் வேலையாகத் தெரிகிறது. இதை மேடைப் பேச்சால் சரிசெய்ய முடியாது. ஒருவரை அழைத்து ஊக்க உரை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. முதலிடம் வந்த குழு ஓட்டுகளை விலைக்கு வாங்கியது என்று. ஆதாரம் யாரிடமும் இல்லை, அவர்கள் செய்கிற வேலை நல்ல வேலை, இதை இத்தோடு விட்டுவிடுவோம். நாமும் யோக்கியர்கள் போல் பேச வேண்டியதில்லை. வேறு ஒரு பிரிவில் நின்ற குழுவோடு ‘எங்களுக்குப் போடுங்கள், உங்களுக்குப் போடுகிறோம்’ என்று நாம் ஒப்பந்தம் போட்டோம், இல்லையா? இது புதிதும் அல்ல. 2010இல் பெப்சி நிறுவனம் நற்பணிகளுக்கு 2 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, யாருக்கு என்பதை இணைய வாக்கெடுப்புக்கு விட்டபோதும் குழுக்கள் கூட்டணி சேர்ந்து ஓட்டை மாற்றிக்கொண்டன, முறைகேடு என்று புகார்களும் கிளம்பின. பொதுவாக்கு அளப்பது யாருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதைத்தான். நமக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் இதைவிட ஒழுங்கானவை என்றாலும் அங்கேயும் தோற்பவர்கள்தான் கூட்டம். அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட்டின் அறநிதி 2023இல் வெளிப்படையாக விண்ணப்பம் கேட்டது. 250 அமைப்புகளுக்குத் தருவதாக அறிவிப்பு. வந்த விண்ணப்பங்கள் 6,353. 2024 மார்ச்சில் மனமிரங்கி 361 அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு தாராளத்துக்குப் பிறகும் ஏறக்குறைய ஆறாயிரம் அமைப்புகள் வெறுங்கையோடு திரும்பின. மெக்கார்த்தர் அறக்கட்டளை ஒரே ஒரு திட்டத்துக்கு 10 கோடி டாலர் என்று 2016இல் அறிவித்த போட்டிக்கு 1,904 விண்ணப்பங்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒருவகை ஆய்வு நிதிக்குச் சீட்டுக் குலுக்கியே ஆளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. தகுதி உள்ளவையா என்று மட்டும் நடுவர்கள் பார்ப்பார்கள், மீதி குலுக்கல். ஆய்வுகளுக்கு நிதி தரும் பிரிட்டிஷ் அகாடமியும் பின்னர் தன் சிறு நிதிகளுக்கு அந்த வழியை முயன்று பார்த்தது. ஒரு அளவுக்கு மேல் இது நல்லது, அது இன்னும் நல்லது என்று பிரிக்க முடியாது என்று நிதி தருபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு இந்தச் செய்தி அந்த 11 பேர் அனுப்பிய பொன்மொழியைவிட ஆறுதலாக இருந்தது.

நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது, வந்ததே பெரிது. வாக்கு குறைவு என்பது தெரிந்ததுதான். கூடவே, நடுவர் குறிப்பில் ‘பயன்பெறுவோர் எண்ணிக்கை குறைவு’ என்று இருந்ததாம். முதலில் எரிச்சல் வந்தது. தேர்வுக் கூடத்தில் ஒரு மாணவருக்கு ஒரு ஸ்கிரைப், மூன்று மணி நேரம். இதில் எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது, ஒருவரே இரண்டு கையாலும் எழுதுவதா? ஆனால் ஒலிப்பதிவு விஷயத்தில் அவர்கள் கேட்டது நியாயம். ஒரு பாடத்தைப் பதிவு செய்து, கேட்ட மாணவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, கோப்பை யாரோ ஒருவர் கணினியில் போட்டு மறந்துவிடுகிறோம். அதே பாடத்தை மூன்று வருடம் கழித்து இன்னொருவர் மறுபடி வாசித்த கதையும் நடந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய யாருடைய பரிசும் தேவையில்லை. ஒரு பட்டியல் போதும்.

ஆராய்ச்சியாளர்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வு ஒன்றை நம் தம்பி ஒருவர் உற்சாகமாக அனுப்பினார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி கேட்டு மயிரிழையில் தவறவிட்ட இளம் விஞ்ஞானிகளையும், மயிரிழையில் பெற்றவர்களையும் அதில் ஒப்பிட்டிருக்கிறார்கள். காலப்போக்கில் தவறவிட்டவர்களின் ஆய்வுகளே அதிக கவனம் பெற்றனவாம். படிக்க இனிக்கிறது. ஆனால் தம்பி, அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது. தவறவிட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அந்த நிதி கேட்கும் வழிக்கே திரும்ப வரவில்லை. எஞ்சி நின்றவர்களின் கணக்குத்தான் அந்த வெற்றி. நமக்குள்ளும் சிலர் விலகுவார்கள், அதை முகத்துக்கு நேரே பேசிவிடுவது நல்லது.

விலக நினைப்பவர்களுக்கு: போய் வாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன். அந்த இரண்டு நிமிட வீடியோவுக்காக நான்கு இரவு தூங்காமல் வெட்டி ஒட்டியவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். ஒரு மாதமோ மூன்று மாதமோ ஓய்வெடுங்கள். திரும்பி வரும்போது ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரேயடியாகப் போவதாக இருந்தால் உங்களிடம் இருக்கும் கோப்புகளை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இருப்பவர்களுக்கு மூன்று விஷயம் மனதில் இருக்கிறது. இனி போட்டிக்கே போக மாட்டோம் என்று சபதம் எடுக்கச் சொல்லவில்லை, மைக் இன்னும் கரகரக்கிறது. ஆனால் விண்ணப்ப வேலை இரண்டு பேரோடு நிற்கட்டும், மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருக்கட்டும். வேலையை நிறுத்திவிட்டு ஓட்டுக் கேட்கச் சொல்லும் போட்டி என்றால் வேண்டாம் என்பது என் கட்சி. வேறு கருத்து இருந்தால் நேரில் சண்டை போடலாம்.

அடுத்தது, விண்ணப்பத்துக்காக நாம் எழுதியது எதுவும் வீணாகாது. இதுவரை எத்தனை மணி நேரம் பதிவு செய்திருக்கிறோம் என்று நாம் முதல்முதலாக உட்கார்ந்து எண்ணியதே அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால்தான். நாம் யார், என்ன செய்கிறோம் என்பதை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதியதும் அதற்காகத்தான். அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல மைக் வைத்திருப்பவர்களிடம் இரவல் கேட்போம். ஒரு வானொலி நிலையமோ இசைப் பள்ளியோ ஞாயிறு காலை தங்கள் அறையைச் சும்மாதான் பூட்டி வைத்திருக்கும். பணம் கேட்டால் யோசிப்பவர்கள் சாவியைக் கேட்டால் சில சமயம் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வாக்கெடுப்பு நடந்தபோது நம் மின்னஞ்சலுக்கு நிறைய வாழ்த்துகள் வந்தன. அவற்றின் நடுவே ‘நானும் வாசிக்கலாமா?’ என்று கேட்டு 9 பேர் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை பார்க்கும் மும்முரத்தில் ஒருவருக்கும் பதில் போகவில்லை. ஒருவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ஆறு வாரம் ஓட்டுக்காக ஊரையே கூப்பிட்டோம், வேலைக்கு வருகிறேன் என்று வாசலில் வந்து நின்றவர்களைக் கவனிக்கவே இல்லை. நேற்று இரவு ஒன்பது பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நான்கு பேர் இன்னும் வரத் தயாராக இருக்கிறார்கள், ஆசிரியரும் அதில் உண்டு.

ஏழாம் பாடம் பாதியில் நிற்கிறது. பென்சீன் வளையத்தின் படம் வருகிற பக்கம். கடைசியாக வாசித்தவர் ‘படத்தைப் பார்க்கவும்’ என்று வாசித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். யாரைப் பார்க்கச் சொல்கிறார் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தேன், 18 நாளில் முதல் தடவையாக. அந்த வரியை அழித்துவிட்டுப் படத்தைச் சொல்லாக்க வேண்டும். ஓர் அறுகோணம், ஆறு மூலையிலும் ஒவ்வொரு கார்பன், ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு என்று தொடங்கி, கையில் தடவிப் பார்ப்பதுபோல் விளங்கும்வரை. ஆசிரியர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவருக்கும் நேற்றே குரல் செய்தி அனுப்பிவிட்டேன், இந்தத் தடவை லிங்க் எதுவும் இல்லாமல்.

சனிக்கிழமை காலை 9 மணி. சாவி என்னிடம் இருக்கிறது. ஜன்னலுக்குப் போர்வை ஒன்று குறைகிறது, யாராவது கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒருங்கிணைப்பாளர்