பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு சோம்பேறி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உடல்நலப் பக்கத்தில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார்: "வீட்டுக்குப் பக்கத்திலேயே பூங்கா இருந்தும் நம் பெண்கள் நடக்க முன்வருவதில்லை." அவர் படித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் சென்னை சூளைப் பகுதியில் பிறந்து சூளையிலேயே காலம் தள்ளுகிறவள் என்கிற உரிமையில் நாலு வார்த்தை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

விடிகாலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினால், கடையை எடுத்துக் கட்டி, பாத்திரம் கழுவி நிமிரப் பத்தரை ஆகிவிடும். மறுபடி நாலு மணிக்கு அரிசியையும் உளுந்தையும் கிரைண்டரில் போட வேண்டும். நடுவில் இருப்பதுதான் என் நேரம். எங்கள் பக்கத்துப் பூங்காவின் பலகையிலோ காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று எழுதியிருக்கிறது. பதினோரு மணிக்குப் போனால் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. உள்ளே வேப்பமர நிழலில் வாட்ச்மேன் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பகல் நேரத்தில் அந்தப் பூங்காவை ஒழுங்காக அனுபவிக்கிற ஒரே ஆள் அவர்தான். ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால், "லவ்வர்ஸ் வந்து உக்காந்துக்கறாங்கம்மா, மேல இருந்து உத்தரவு" என்கிறார். என்னைப் பார்த்தால் லவ்வர் மாதிரியா இருக்கிறது என்றேன். சிரித்தார். பூட்டைத் திறக்கவில்லை.

2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கொண்டுவருகிற பெண் ஒவ்வொரு தடவையும், "தினம் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். எங்கே நடக்க? எங்கள் தெருவில் மீன்பாடி வண்டி, பைக், தோண்டிப்போட்ட பள்ளம், எல்லாவற்றுக்கும் நடுவில் நாய். 2023இல் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டருக்கு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று பாதை போட்டார்கள். சந்தோஷம். சென்னைக்கு அது பெசன்ட் நகரில் இருக்கிறது. நான் பஸ் மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் உளுந்து ஊறிப் புளித்தே போகும்.

அதே பக்கத்தில் பெட்டிச் செய்தி வேறு. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் பசுமையான இடம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு சொல்கிறதாம். எங்களுக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை, பூட்டு வரைக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984இல் வெளிவந்த ஆய்வையும் போட்டிருந்தீர்கள். என் ஜன்னலில் எதிர்வீட்டு ஏசி பெட்டி தெரிகிறது. முன்பு ஒரு தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சாய்ந்தது. அறுத்து எடுத்துப்போக மட்டும் மறுநாளே ஆள் வந்தது. அந்த இடத்தில் இன்னொரு கன்று வைக்கச் சொல்லிக் கொடுத்த மனு எங்கே போயிற்றோ, இப்போது அங்கே யாருக்காவது பிறந்தநாள் என்றால் பேனர் நிற்கிறது.

இட நெருக்கடி என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில்தானே பீப்பிள்ஸ் பார்க் இருந்தது? கவர்னராக இருந்த டிரெவெல்யன் 1859-60 வாக்கில் பொதுஜனத்துக்கென்று போட்டது, 116 ஏக்கர். உங்களுக்குத் தெரியாததா? விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் என்று ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த மிருகக்காட்சிசாலைக்கு, நாங்கள் உயிர் காலேஜ் என்போம், என்னைத் தோளில் தூக்கிப்போய்ப் புலி காட்டியிருக்கிறார். 1985இல் மார்க்கெட் எரிந்தது, மிருகங்களும் வண்டலூருக்குப் போய்விட்டன. எங்களுக்கு மிச்சம் இந்த ஒரு பூட்டுதான்.

புறநகரிலும் இதே கதை. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்று சட்டம். என் தம்பி மனை வாங்கியபோது வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை அடித்திருந்தார்கள். இன்றைக்கு அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு சங்கத்துக் கொட்டகையும் நிற்கின்றன. ஊருக்குள்ளே கதீட்ரல் சாலையில் 2024இல் திறந்த பூங்காவில் ஜிப்லைன் எல்லாம் உண்டு. திறந்தபோது நுழைவுக் கட்டணமே பெரியவர்களுக்கு 100 ரூபாய். நான் தொங்கிக்கொண்டு போக ஆசைப்படவில்லை, நடக்கத்தான் கேட்கிறேன்.

மாலையில் போகலாமே என்பார் டாக்டர். மருமகளைக் கிரைண்டரில் உட்காரவைத்துவிட்டுப் போயும் பார்த்தேன். சர்க்கரைக்காரிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும், டாக்டருக்குத் தெரியும். கழிவறைச் சுவரில் அருவி, மான், மயில் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. சந்து வழியாக எட்டிப் பார்த்தால் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும். ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். நாங்கள் ரெண்டு சுற்றோடு வீட்டுக்கு ஓடுகிறோம். இதைத்தான் அந்த டாக்டர் ஆர்வமில்லை என்று எழுதியிருக்கிறார்.

அய்யா, 116 ஏக்கரைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அந்தக் கேட்டைத் திறந்து வைக்கட்டும். மூட்டையை வேறெங்காவது போட்டுக் கழிவறையைக் கழிவறையாக விடட்டும். உங்கள் நிருபரை அனுப்புவதானால் காலை ஆறு மணிக்கு அனுப்பாதீர்கள், எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
இட்லிக் கடைக்காரி ஒருத்தி,
சூளை, சென்னை.

(பெயர் போட வேண்டாம். கடை நடைபாதையில் இருக்கிறது.)