அடுத்த தொற்று வருவதற்குள் ஒரு வழிகாட்டுதல்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு வீரர்கள் ஆணையத்துக்கு,

வணக்கம். கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச் 17 அன்று உங்கள் ஆணைய உறுப்பினர் ஒருவரே ட்விட்டரில் ஒலிம்பிக் கமிட்டியைக் கண்டித்து எழுதினார். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைசர். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அப்போது மருத்துவ மாணவியும்கூட. டோக்கியோ போட்டியை நடத்தியே தீருவோம் என்று நிற்பது பொறுப்பற்றது என்றார். ஒரே வாரத்தில், மார்ச் 24 அன்று, போட்டி தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பதிவால்தான் என்று சொல்லவில்லை. இடையில் கனடா தன் அணியை அனுப்ப மறுத்திருந்தது. ஆனால் பெரிய தலைகள் தயங்கிக்கொண்டிருந்தபோது அவர் வாய்திறந்தார்.

வீரர்களின் சமூக ஊடகக் கணக்குகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கேட்கவே பயமாகவும் இருக்கிறது. வழிகாட்டுதல் என்றாலே வாய்ப்பூட்டு என்று எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டே! விக்கன்ஹைசரைத் தடுக்கும் விதி எதுவும் எனக்கு வேண்டாம்.

கூடைப்பந்து வீரர் ரூடி கோபேர் அதே மார்ச் 9 அன்று செய்தியாளர்களின் மைக்குகளை விளையாட்டாகத் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் அவருக்குத் தொற்று உறுதியானது, அன்றிரவே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் போட்டிகள் நின்றன. மறுநாள் இன்ஸ்டாகிராமில் அவரே மன்னிப்புக் கேட்டார், தன் கதை மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றார். சுகாதாரத் துறை எத்தனை போஸ்டர் அடித்தாலும் இந்த வேலையைச் செய்திருக்காது. இங்கிலாந்தின் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டும் அப்படித்தான். பள்ளி இலவச உணவை நம்பி வளர்ந்த தன் சிறுவயதை ஜூன் 15 அன்று ட்விட்டரில் எழுதினார்; விடுமுறையில் அந்த உதவி கிடையாது என்றிருந்த அரசு மறுநாளே இறங்கிவந்தது.

அப்புறம் டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச். அந்த ஆண்டு மே மாதம் ஓர் இன்ஸ்டாகிராம் நேரலையில், பிரார்த்தனையாலும் நன்றியுணர்வாலும் மாசடைந்த தண்ணீரைக் குணப்படுத்தும் தண்ணீராக மாற்றுகிறவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். உலகமே மூச்சுக்குத் திண்டாடிய நேரம் அது. அவருடைய பேக்ஹேண்டை வியக்கிறவன் நான். அதற்காகத் தண்ணீர் பற்றி அவரிடமா பாடம் கேட்பது?

முதல் மூவரும் தாம் படித்ததையும் பட்டதையும் பேசினார்கள். நான்காமவர் தமக்குத் தெரியாததை, தம் ஆட்டத்தின் மீது மக்களுக்கிருந்த நம்பிக்கையை வைத்துப் பேசினார். இந்த வித்தியாசத்தை நீங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். சொந்த அனுபவம், கமிட்டி மீதான விமர்சனம், அரசிடம் கோரிக்கை, இவற்றுக்கு முன்அனுமதி எதுவும் கூடாது. மருந்து, தடுப்பூசி, சிகிச்சை என்று வந்தால் மட்டும், பதிவிடும் முன் எந்நேரமும் கூப்பிட்டுக் கேட்க ஒரு மருத்துவரின் எண்ணைக் கொடுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் திருத்தமும் அதே கணக்கில், அதே முகத்தோடு வரட்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரியாக வேண்டாம்.

இன்னொன்று: எல்லோருடைய கணக்கிலும் ஒரே வாசகத்தை ஒட்டச் சொல்லி அனுப்பாதீர்கள். அதை யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்